சின்னிமாரின் கூலி: கட்டியவனின் உரிமை பற்றிய ஒரு ஃபிக்ஹு வரலாறு

நன்மை செய்தவனுக்குத் தீமையைக் கைம்மாறாக அளிப்பதை அரபு மொழியில் 'ஜஸாஉ சின்னிமார்' என்பர். 'சின்னிமாருக்குக் கிடைத்த கைம்மாறு' என்பது இதன் பொருள். இந்த முதுமொழிக்குப் பின்னால் உள்ள கதையை இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்கள். ஹீரா நாட்டு மன்னன் நுஃமான் பாரசீக இளவரசன் பஹ்ராமின் வாசத்திற்காக 'கவர்னக்' என்னும் மாளிகையை எழுப்ப விரும்பினான். அப்பணியை ஏற்று முடித்தவர் சின்னிமார் என்னும் கட்டடக் கலைஞர். மாளிகையின் அழகைக் கண்டு அனைவரும் வியந்தபோது அவர் ஒரு சொல் சொன்னார். என் கூலியை நீங்கள் முழுமையாகத் தந்து, எனக்குரிய மதிப்போடு நடத்துவீர்கள் என்று அறிந்திருந்தால், ஞாயிறு செல்லும் திசையெல்லாம் உடன் சுழலும் மாளிகை ஒன்றையே கட்டியிருப்பேன் என்பதே அச்சொல்லின் கருத்து. இதனினும் சிறந்ததைக் கட்ட வல்லவனாயிருந்தும் கட்டாமல் விட்டாயா என்று சினந்த மன்னன், அவரை அம்மாளிகையின் உச்சியிலிருந்தே கீழே தள்ளச் செய்தான்.

இக்கதையை நன்றிகெட்ட தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே மேடைகளில் கூறுவது வழக்கம். ஆயினும் ஃபிக்ஹு பயில்வோரின் கண்ணுக்கு இதில் வேறொரு செய்தியும் தென்படுகிறது. கூலி முழுமையாகக் கிடைக்குமா என்ற ஐயம் அக்கலைஞருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. இருந்தும் அவர் வேலையை முடித்தார். முடித்த அக்கணமே மாளிகை மன்னனின் கைக்குப் போய்விட்டது. கட்டியவரின் கையில் எதுவும் எஞ்சவில்லை. தையற்காரர் தைத்த துணியைத் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ள இயலும். பொற்கொல்லர் நகையைக் கொடுக்காமல் வைத்திருக்க இயலும். பிறர் நிலத்தில் சுவர் எழுப்பியவர் எதனை நிறுத்தி வைப்பார்? வீட்டுக்காரர் பணம் தர மறுத்தால் கட்டியவருக்கு என்ன வழி என்ற கேள்வி, இவ்வாறு கட்டடத் தொழிலின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. இக்கேள்விக்கு நம் சட்ட மேதைகள் கண்ட விடைகளின் வரலாற்றையே இங்கு நாம் ஆராய விழைகின்றோம்.

மறையும் நபிமொழியும் இட்ட அடித்தளம்

கட்டுமானக் கூலியைப் பற்றிய குறிப்பு திருக்குர்ஆனிலேயே உண்டு. கஹ்ஃபு அத்தியாயத்தின் 77ஆம் வசனத்தில், விருந்தளிக்க மறுத்த ஓர் ஊரில் விழும் நிலையிலிருந்த சுவரை களிர் (அலை) அவர்கள் நிமிர்த்தி வைக்கிறார்கள். விரும்பியிருந்தால் இதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்று மூஸா (அலை) அவர்கள் கூறுகிறார்கள். இமாம் புகாரீ (ரஹ்) தம் ஸஹீஹில் கூலி ஒப்பந்தம் பற்றிய பகுதியில், விழவிருக்கும் சுவரை நிமிர்த்த ஆள் அமர்த்துவது கூடும் என்று தனித் தலைப்பிட்டு, இந்நிகழ்ச்சியையே அதற்குச் சான்றாக்கினார்கள். சுவர் வேலை கூலிக்குரிய வேலை என்பது இவ்வாறு மறையின் நிழலில் நிலைபெற்றது.

அதே பகுதியில் உள்ள ஹதீஸ் குத்ஸீ ஒன்று கூலியை மறுப்பவர்களை நடுங்கச் செய்வதாகும். மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவிக்கின்றான். அம்மூவருள் ஒருவன், ஆளை அமர்த்தி அவனிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவன். வேலை முழுமையாக வாங்கப்பட்டது என்ற குறிப்பு கவனத்திற்குரியது. பெற்றதில் குறையில்லை, கொடுப்பதில்தான் குறை. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற கருத்துள்ள நபிமொழியை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார்கள். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்ற நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு நாமனைவரும் அறிந்ததே. அவர்களுள் ஒருவர், தம்மிடம் கூலியை விட்டுச் சென்ற ஆளின் சிறிதளவு தானியத்தைப் பயிரிட்டுப் பெருக்கி, பின்னாளில் அவன் வந்து கேட்டபோது மாடுகளையும் மேய்ப்பனையும் சேர்த்தே ஒப்படைத்தார். கூலி கொடுப்பதில் இது உயர்ந்த எல்லை. ஆனால் எல்லா மனிதரும் அவ்வெல்லையில் நிற்பதில்லை. மறுமை எச்சரிக்கைக்கு அஞ்சாதவனிடமிருந்து இம்மையிலேயே கூலியைப் பெற்றுத்தரும் வழிமுறை வேண்டும். ஃபுகஹாக்களின் பணி அங்கேதான் தொடங்கிற்று.

கூலி எப்போது கடனாகிறது?

கூலி எக்கணத்தில் உரிமையாகிறது என்பதே முதற்கேள்வி. ஷாஃபிஈ மத்ஹபின்படி ஒப்பந்தம் நிகழ்ந்தவுடன் ஒப்பந்தத்தாலேயே கூலி உரிமையாகிவிடுகிறது. தவணை குறிக்கப்படாவிடில் அது உடனடியாகக் கொடுக்கப்பட வேண்டியதாகும். ஹனஃபீ மத்ஹபோ வேறு வழியில் சென்றது. ஒப்பந்தம் மட்டுமே கூலியைக் கடமையாக்குவதில்லை. முன்பணம் தரவேண்டும் என நிபந்தனையிடுதல், நிபந்தனையின்றியே முன்பணம் தந்துவிடுதல், ஒப்பந்தம் செய்யப்பட்ட பயன் நிறைவேறுதல் ஆகிய மூன்றில் ஒன்று நிகழ வேண்டும். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவில் இமாம் மர்கீனானீ (ரஹ், ஹி. 593 / கி.பி. 1197) இதனை விளக்கியுள்ளார்கள்.

பயன் நிறைவேறுதல் என்பதைத் தொழில்தோறும் வரையறுக்க வேண்டியிருந்தது. ரொட்டி சுடுபவரின் வேலை, ரொட்டியை அடுப்பிலிருந்து வெளியே எடுக்கும்போதே நிறைவடைகிறது. அதற்குமுன் கருகினால் கூலி இல்லை. செங்கல் அறுப்பவரின் வேலை எப்போது முடிகிறது? அறுத்த கல்லை நிமிர்த்தி வைத்தவுடன் முடிகிறது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. நிமிர்த்திய கல்லை அடுக்கிய பிறகே முடிகிறது என்பது அவர்களின் மாணாக்கர் இருவரின் கருத்து. ஈரக்கல் மழையில் கரைந்துபோனால் நட்டம் யாருடையது என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமையும். சூளைக்களம் கண்டவர்களுக்கு இது வெறும் சொற்போர் அன்று என்பது விளங்கும்.

பக்தாதின் செங்கற்கள்

இமாம் அவர்களுக்குச் செங்கற்களுடன் நேரடித் தொடர்பும் இருந்தது. கலீஃபா மன்ஸூர் ஹி. 145 / கி.பி. 762இல் பக்தாத் நகரை நிர்மாணிக்கத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் நீடித்த அப்பணி ஹி. 149 / கி.பி. 766இல் நிறைவுற்றது. காழி பதவியை ஏற்க இமாம் அவர்கள் மறுத்ததும், ஏதேனும் ஒரு பணியை ஏற்றே ஆகவேண்டும் என்று கலீஃபா சூளுரைத்ததும், இறுதியில் செங்கல் செய்வித்தல், எண்ணுதல், ஆட்களை வேலை வாங்குதல் ஆகியவற்றின் மேற்பார்வை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் தபரீயில் காணப்படும் செய்திகளாகும். கற்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், அடுக்கை ஒரு நாணற்கோலால் அளந்து கணக்கிடும் முறையை முதலில் கையாண்டவர்கள் இமாம் அவர்களே என்றும் அங்குக் கூறப்படுகிறது. இன்று கட்டடம் கட்டுவோர் அளவெடுத்துப் பில் போடுவதன் முன்னோடியாக இதனைக் கருதலாம்.

அந்நகரின் கட்டுமானத்தில் தலைமைக் கொத்தனாருக்கு நாளொன்றுக்கு ஒரு கீராத்து வெள்ளியும், சிற்றாளுக்கு இரண்டு முதல் மூன்று ஹப்பாக்களும் கூலியாகத் தரப்பட்டன என்று வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். மன்ஸூரின் கண்டிப்பும் பெயர்பெற்றது. நகரின் ஒரு பகுதிக்குப் பொறுப்பாயிருந்த காலித் இப்னு ஸல்த் கணக்கை ஒப்படைத்தபோது பதினைந்து திர்ஹம் மீதம் நின்றது. அதனைக் கட்டும்வரை அவர் சில நாட்கள் சிறையில் வைக்கப்பட்டார். பதினைந்து திர்ஹத்துக்காகத் தம் அலுவலரைச் சிறையிலிட ஓர் அரசரால் முடிந்தது. ஆனால் அரசரிடமிருந்தோ செல்வரிடமிருந்தோ பதினைந்து திர்ஹம் வரவேண்டிய கொத்தனார் என்ன செய்வார் என்பதே சட்டத்தின் முன்னிருந்த கடினமான கேள்வி.

கையில் உள்ள பொருளும் கைவிட்டுப் போன சுவரும்

கூலி வராத கைவினைஞருக்கு ஹனஃபீ சட்டம் அளித்த முதல் ஆயுதம் 'ஹப்ஸ்', அதாவது பொருளைத் தம்மிடமே நிறுத்தி வைக்கும் உரிமை. எவருடைய உழைப்பு பொருளில் தடம் பதிக்கிறதோ அவர் கூலியைப் பெறும்வரை அப்பொருளைக் கொடாமல் நிறுத்தலாம். துணி வெளுப்பவரும் சாயமிடுபவரும் இவ்வகையினர். சுமை தூக்குபவர், படகோட்டி ஆகியோரின் உழைப்பு பொருளில் தடம் விடுவதில்லை. ஆதலால் அவர்களுக்கு அவ்வுரிமை இல்லை. இமாம் ஸுஃபர் (ரஹ்) இரு சாராருக்குமே அவ்வுரிமையை மறுத்தார்கள். சாயம் துணியில் ஒட்டிய கணமே உழைப்பு உரிமையாளரின் பொருளோடு கலந்து ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்பது அவர்களின் வாதம். ஏனைய இமாம்கள் இதனை ஏற்கவில்லை. துணியில் ஒட்டாமல் சாயமிட வழியே இல்லை. வேறு வழியின்றி ஒட்டியதை மனமுவந்த ஒப்படைப்பாகக் கொள்ளலாகாது என்று அவர்கள் விடையிறுத்தனர்.

இவ்விவாதத்தைக் கட்டடத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். கொத்தனாரின் உழைப்புப் பதிக்கும் தடத்தைவிட ஆழமான தடம் வேறெந்தத் தொழிலில் உண்டு? ஆயினும் நிறுத்தி வைக்கும் உரிமை அவருக்குக் கிட்டுவதில்லை. காரணம், பொருள் அவர் கையில் இல்லை. பணி கொடுத்தவரின் இல்லத்திலேயே அமர்ந்து தைக்கும் தையற்காரருக்கும் நிறுத்தி வைக்கும் உரிமையில்லை என்பதே சட்டம். பொருள் தொடக்கம் முதல் இறுதிவரை உரிமையாளரின் பிடியிலேயே இருக்கிறது. கொத்தனாரின் நிலையும் அதுவே.

இங்கேதான் நம் ஃபுகஹாக்களின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. ஹலபில் வாழ்ந்து ஹி. 587 / கி.பி. 1191இல் மறைந்த இமாம் காஸானீ (ரஹ்) தம் 'பதாயிஉஸ் ஸனாயிஃ' நூலில் கட்டுபவரை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் தம் வீட்டில் கட்டடம் எழுப்பவோ, கிணறு தோண்டவோ, கால்வாய் வெட்டவோ ஆளை அமர்த்துகிறார். அவ்வாள் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறார். செய்த ஒவ்வொரு பகுதியும், உரிமையாளரின் இடத்தில் இருப்பதனால், செய்த அக்கணமே அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாகிவிடுகிறது. எனவே அப்பகுதிக்குரிய கூலியை அவ்வாள் உடனே கேட்கலாம். மீதி வேலையை முடிக்க வேண்டிய கடமை அவர்மீது தொடர்ந்து இருக்கும். பின்னர் சுவர் இடிந்தாலும், கிணறு சரிந்து தூர்ந்தாலும், அதுவரை செய்த வேலைக்குரிய கூலி அவருக்கு உண்டு.

இத்தீர்ப்பின் அழகு அதன் காரணத்தில் இருக்கிறது. சுவர் உரிமையாளரின் கையில் இருக்கிறது என்ற அதே காரணமே கொத்தனாரிடமிருந்து நிறுத்தி வைக்கும் உரிமையைப் பறித்தது. அதே காரணமே அவருக்குப் பகுதி பகுதியாகக் கூலி கேட்கும் உரிமையையும் வழங்கிற்று. தம் கடையில் அமர்ந்து வேலை செய்யும் தையற்காரர், முன்பண நிபந்தனை இல்லாவிடில், முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏனெனில் துணி அவர் கையில் பிணையாக உள்ளது. கொத்தனாரிடம் பிணை இல்லை. ஆகவே அவர் இறுதிவரை காத்திருக்க வேண்டியதுமில்லை. அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, சுவர் எழும்பியதும் ஒரு பங்கு, தளம் போட்டதும் ஒரு பங்கு என்று இன்று நம் ஊர்களில் வழங்கிவரும் தவணை முறைக்கு, எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்ட அடிப்படை வகுக்கப்பட்டுவிட்டது.

முஹ்தஸிபும் காழியும்

பங்குக் கூலியைக் கேட்டும் கொடாதவரை என்ன செய்வது? இதற்கு இரண்டு வாயில்கள் இருந்தன. முதலாவது முஹ்தஸிபின் வாயில். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ், ஹி. 450 / கி.பி. 1058) தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில், முஹ்தஸிப் விசாரிக்கத் தக்க வழக்குகளை மூன்றாக வகுத்தார்கள். அளவை நிறுவைகளில் குறை செய்தல், விற்பனையில் மோசடி செய்தல், கொடுக்க இயன்றும் கடனை இழுத்தடித்தல் என்பன அவை. கூலியைக் குறைத்தோ வேலையைக் கூட்டியோ அமர்த்தியவர் அத்துமீறினால் முஹ்தஸிப் தடுக்க வேண்டும் என்றும் அவர்கள் எழுதியுள்ளார்கள். ஆனால் இவ்வாயிலுக்கு ஒரு வரம்புண்டு. கடனை ஒப்புக்கொண்டு இழுத்தடிப்பவரையே முஹ்தஸிப் வற்புறுத்தலாம். கடனே இல்லை என்று மறுப்பவர்மீது சாட்சியும் சத்தியமும் வேண்டும். அது காழியின் மன்றத்துக்குரியது.

காழியின் மன்றம் இரண்டாவது வாயில். வசதியிருந்தும் கொடாதவரைத் தடுத்து வைக்கும் அதிகாரம் காழிக்கு இருந்தது. கடனாளியைப் பள்ளிவாசல் தூணோடு தடுத்து வைக்க காழி ஷுரைஹ் ஆணையிடுவார் என்ற குறிப்பு புகாரீயில் உள்ளது. தடுத்து வைத்தும் அவர் கொடாவிட்டால் அவருடைய சொத்தைக் காழியே விற்கலாமா? கூடாது, தாமே விற்றுக் கொடுக்கும்வரை தடுத்து வைக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) விற்கலாம் என்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபும் அதுவே. உண்மையிலேயே வசதியற்றவருக்கு பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் அவகாசம் அளிக்கிறது. ஆகவே கொடுக்க இயலாதவர் யார், கொடுக்க மனமில்லாதவர் யார் என்று பிரித்தறிவதே காழியின் முதற்கடமையாயிற்று.

கொடுக்க மறுப்பவர் அனைவரும் அநீதியாளர் அல்லர் என்பதையும் நாம் மறத்தலாகாது. சுவர் சாய்ந்திருக்கலாம், பேசியதற்கு மாறான பொருள் போடப்பட்டிருக்கலாம். இத்தகைய வழக்குகளில் தொழிலறிந்தோரின் கருத்தைக் காழிகள் கேட்டனர். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஹி. 734 / கி.பி. 1334இல் மறைந்த தூனிஸ் நகரத்து இப்னுர் ராமீ. அவர் கட்டடத் தொழிலாளராகவே வாழ்ந்தவர். காழியின் ஆணையின்படி வழக்குக்குரிய கட்டடங்களை நேரில் பார்வையிட்டு அறிக்கை அளித்தவர். மாலிகீ மத்ஹபின் தீர்ப்புகளையும் தம் தொழிலறிவையும் இணைத்து, கட்டடச் சட்டங்கள் குறித்துத் தனி நூலே அவர் யாத்தார். சாந்துக்கரண்டி பிடித்த கையே பேனாவும் பிடித்தது நம் நாகரிகத்தின் பெருமைக்குரிய செய்திகளுள் ஒன்றாகும்.

எழுதாத பேச்சும் கூடுதல் வேலையும்

கட்டட வழக்குகளில் பெரும்பாலானவை எழுதாத பேச்சிலிருந்தே பிறக்கின்றன. கூலி பேசாமலே வேலை செய்தவரின் நிலை என்ன? இமாம் நவவீ (ரஹ், ஹி. 676 / கி.பி. 1277) தம் 'மின்ஹாஜ்' நூலில் இதனைத் துணி வெளுப்பவர், தையற்காரர் ஆகியோரை வைத்து விளக்குகிறார்கள். கூலியைக் குறிப்பிடாமல் கொடுக்கப்பட்ட துணியில் வேலை செய்தவருக்குக் கூலி இல்லை என்பதே அங்கு முதலில் வைக்கப்படும் தீர்ப்பு. உண்டு என்பது மற்றொரு கருத்து. அவ்வேலையைக் கூலிக்குச் செய்பவர் என்று அறியப்பட்டவராயின் உண்டு, இல்லையேல் இல்லை என்பது மூன்றாவது கருத்து. இது நல்லதெனக் கருதப்படலாம் என்று இமாம் அவர்களே குறிப்பிடுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களில் வாழும் மேஸ்திரிகள் இத்தீர்ப்பைக் கேட்டால், பேசாமல் வேலையில் இறங்குவது எத்துணை ஆபத்தானது என்பதை உணர்வர்.

எவ்வாறு செய்யச் சொன்னார் என்பதிலும் தகராறு எழும். மேலங்கி தைக்கச் சொன்னேன் என்று துணிக்காரரும், சட்டை தைக்கச் சொன்னீர் என்று தையற்காரரும் முரண்பட்டால், சத்தியத்தின் பேரில் துணிக்காரரின் சொல்லே ஏற்கப்படும் என்பதை ஹனஃபீ நூல்களும் மின்ஹாஜும் கூறுகின்றன. இதனைக் கட்டடத்திற்குப் பொருத்தினால், வீட்டுக்காரர் வாய்மொழியாகக் கூடுதல் அறை கேட்டார் என்று சாட்சியின்றி வாதிடுபவரின் நிலை வலுவற்றது என்பது தெளிவாகும். கடனைத் தவணையோடு எழுதிக்கொள்ளுமாறும் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிப்பது, நம் வசதியை முன்னிட்டு மட்டுமன்று; நலிந்தவனின் பாதுகாப்பை முன்னிட்டுமாகும்.

மஜல்லா முதல் இன்றுவரை

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் தொகுத்த 'மஜல்லா', ஹனஃபீ ஃபிக்ஹை 1851 பிரிவுகளில் சட்டவடிவாக்கிற்று. நிறுத்தி வைக்கும் உரிமை அதன் 482, 483ஆம் பிரிவுகளில் இடம்பெற்றது. தையற்காரர், சாயமிடுபவர் ஒருபுறமும் சுமைதூக்குபவர், படகோட்டி மறுபுறமுமாக ஹிதாயாவின் பாகுபாடே அங்கும் தொடர்ந்தது. பொருளையும் உழைப்பையும் தொழிலாளரே அளித்தால் அது 'இஸ்திஸ்னாஉ' ஒப்பந்தமாகும் என்றும் மஜல்லா பிரித்துக் காட்டிற்று. இன்று நம் ஊரில் லேபர் காண்ட்ராக்ட் என்றும் மெட்டீரியலோடு காண்ட்ராக்ட் என்றும் சொல்வதன் வேறுபாடு ஏறத்தாழ இதுவே. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தைத் தழுவி, இஸ்திஸ்னாஉ ஒப்பந்தம் முடிந்தபின் இரு தரப்பாரும் பின்வாங்கக் கூடாது என்று 392ஆம் பிரிவு உறுதி செய்தது. செய்த பொருள் பேசிய தன்மையில் இல்லாவிடில் கேட்டவருக்குத் தெரிவுரிமை உண்டு என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது.

நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் மஜல்லாவின் சமகாலத்தது. அதன் 170ஆம் பிரிவும், ஒப்படைக்கப்பட்ட பொருளில் உழைப்பையோ திறனையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதனை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. வைரம் தீட்டுபவரும் தையற்காரருமே அங்கும் எடுத்துக்காட்டுகள். ஆங்கிலச் சட்டவாணர்களும் ஹனஃபீ ஃபுகஹாக்களும் வெவ்வேறு வழிகளில் நடந்து ஒரே தையற்கடைக்கு வந்து சேர்ந்தனர்! ஆயினும் அங்கும் கொத்தனார் வெளியிலேயே நிற்கிறார். கட்டடம் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் அன்று. வேலையின் விலையைக் கேட்டு உரிமையியல் மன்றத்தை நாடுவதே அவருக்கு வழி.

கட்டடத்தின்மீதே கட்டியவருக்குப் பிணையுரிமை தரும் சட்டம் வேறிடங்களில் தோன்றிற்று. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரைக் கட்டியெழுப்பும் பணிக்காக மேரிலாந்து மாநிலம் 1791இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. பிரெஞ்சுச் சட்ட மரபும் ஒப்பந்தக்காரருக்குக் கட்டடத்தின்மீது முன்னுரிமை வழங்கிற்று. அம்மரபையும் ஃபிக்ஹையும் கற்றுத் தேர்ந்த அப்துர் ரஸ்ஸாக் ஸன்ஹூரியின் கைவண்ணத்தில் உருவான 1948ஆம் ஆண்டு எகிப்திய உரிமையியல் சட்டம், தன் 1148ஆம் பிரிவில் இதனை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தக்காரரும் கட்டடக் கலைஞரும் தம் உழைப்பால் கட்டடத்தின் மதிப்பு எந்த அளவு கூடியதோ அந்த அளவுக்கு முன்னுரிமை பெறுவர். அதனை முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். முதன்மை ஒப்பந்தக்காரர் தராவிட்டால் அவரிடம் வேலை செய்த தொழிலாளர்கள், அவருக்கு வீட்டுக்காரர் தரவேண்டிய தொகையின் எல்லைக்குள், வீட்டுக்காரரிடமே நேரடியாகக் கேட்கலாம் என்று 662ஆம் பிரிவு வழி செய்தது. உழைப்பின் தடம் பொருளில் நிற்கும்வரை உரிமையும் நிற்கும் என்ற ஃபுகஹாக்களின் கருத்து, இவ்வாறு வேறொரு மரபின் வழியாகச் சுவரையும் சென்றடைந்தது.

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹு அகாதமி, 2003 ஜனவரியில் தோஹாவில் நடந்த தன் பதினான்காம் அமர்வில் கட்டட ஒப்பந்தம் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. வேலையின் நிலைகளுக்கு ஏற்பத் தவணைகளில் பணம் கொடுக்கப் பேசிக்கொள்ளலாம் என்று அது அறிவித்தது. வீட்டுக்காரரின் இசைவோடு, கூலி பேசாமல், கூடுதல் வேலை செய்தால் ஒத்த வேலைக்குரிய கூலி உண்டு. இசைவே இன்றிச் செய்தால் எதுவும் இல்லை என்றும் வரையறுத்தது. காஸானீயின் குரலையும் நவவீயின் குரலையும் இத்தீர்மானத்தில் நாம் கேட்கிறோம்.

ஒன்றை மட்டும் ஃபிக்ஹு அனுமதிப்பதில்லை. தாமதத்திற்காக வட்டி கேட்க ஒப்பந்தக்காரருக்கு வழியில்லை. வேலை தாமதமானால் தண்டத்தொகை விதிக்கலாம் என ஏற்ற அகாதமி, பணக்கடனின் தாமதத்திற்குத் தண்டத்தொகை விதிப்பது வட்டியே என்று விலக்கிற்று. இது கட்டியவருக்கு இழப்பாகத் தோன்றலாம். ஆனால் கடனை வளரவிட்டு ஆதாயம் காண்பதைவிட, கடன் வளருமுன்பே நிலைதோறும் கூலியைப் பெற்றுத் தருவதே நம் சட்டத்தின் நோக்கமாயிருந்தது. வட்டிக்கு இடமில்லாத சட்டத்தில் காலந்தவறாமைக்கு இருமடங்கு மதிப்புண்டு.

காலம் கடந்த கடன்

நம் ஊர்களில் அயல்நாட்டு உழைப்பால் எழும் வீடுகள் பல. குடிபுகும் நாளில் மௌலூது ஓதி ஊரையே அழைத்து விருந்தளிப்போம். அந்த விருந்தில் கடைசித் தவணை வராத மேஸ்திரியும் அமர்ந்திருப்பதுண்டு. சபையில் கேட்பது நாகரிகமன்று என்று அவர் வாய்மூடிச் செல்வார். அவருக்குக் கீழே கொத்தனார், சித்தாள், தச்சர் என்று பலர் அத்தவணையை எதிர்பார்த்திருப்பர். வேலையில் குறை இருப்பின், தொழிலறிந்த இருவரை அழைத்துக் காட்டி, அதற்குரிய அளவைக் கழித்து மீதியைத் தருவதே மார்க்கம். குறையைக் காரணமாக்கி முழுத்தொகையையும் நிறுத்துவது, வசதியுள்ளவன் இழுத்தடிப்பதன் மற்றொரு வடிவமே. பள்ளிவாசல், மத்ரஸா முதலியவற்றைக் கட்டும் நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும். வசூல் வரவில்லை என்பது ஒப்பந்தக்காரர் அறிந்து ஏற்ற நிபந்தனையாக இருந்தாலன்றி, அவர்முன் அது காரணமாகாது.

நம் நாட்டின் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலையின் விலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். மஜல்லாவும் தன் 1660ஆம் பிரிவில், கடன் வழக்குகளைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் விசாரிக்கலாகாது என்றது. ஆனால் அதே நூலின் 1674ஆம் பிரிவு, காலம் கடந்ததனால் உரிமை வீழ்ந்துவிடாது என்று அறிவிக்கிறது. பிரதிவாதி மன்றத்தின் முன் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், காலக்கெடுவைப் பாராமல் அவருக்கெதிராகத் தீர்ப்பளிக்கப்படும். மன்றத்தின் கதவு மூடிக்கொள்ளலாம், கடன் மூடிக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளும் நாவொன்று இருக்குமாயின் மூடிய கதவும் திறக்கும். அந்த நா கடைசிவரை அசையாவிட்டால், அவ்வழக்கை அல்லாஹ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறான். அங்கு எதிர்வழக்காட எவராலும் இயலாது.